பரியாரியாரின் வளவும் சட்டத்தின் தராசும்

மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள எல்லை அளவினால் அமைவது என்பது தமிழ் மருத்துவத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. யாழ்ப்பாணத்துப் பரியாரிமார் குன்றிமணி எடையிலும் கழஞ்சிலும் சரக்குகளை நிறுத்தனர். இலேகியத்தைச் சுண்டைக்காயளவு, கழற்சிக்காயளவு, பாக்களவு என நோயாளியின் வயதும் உடல்வன்மையும் கண்டு வகுத்தனர். இரசமும் நாபியும் சேங்கொட்டையும் அவர்தம் கையில் மருந்தாயின. சுத்தி அறிந்தும் அளவறிந்தும் கையாண்டமையே அதற்குக் காரணம். செகராசசேகரம், பரராசசேகரம் என அரசர் பெயரால் வைத்திய நூல்களைத் தொகுத்துக் காத்த இத் தீபகற்பத்தில், இன்று ஒரு மூலிகைக்கு மட்டும் அளவு வகுக்கப்படவில்லை. வீட்டு வளவில் அதனை வளர்ப்பதற்குரிய சட்டபூர்வமான அளவு பூச்சியம். கோரக்கர்மூலி எனச் சித்தர் மரபு போற்றும் கஞ்சாவே அம்மூலிகை.

இலங்கையில் இப்பொருளை ஆள்வது 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நச்சுப்பொருட்கள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டமாகும். உரிமம் இன்றிக் கஞ்சாச் செடியைப் பயிரிடுதலும் உடைமையில் வைத்திருத்தலும் குற்றம் என அச்சட்டம் விதித்தது. நாட்டு வைத்தியரின் அநுபவத்திலிருந்தோ நோயாளரின் முறைப்பாட்டிலிருந்தோ பிறந்த சட்டமன்று அது. 1925 இல் ஜெனீவாவிற் கூடிய அபின் மாநாட்டில், எகிப்தின் வற்புறுத்தலினால் இந்தியக் கஞ்சாவும் சர்வதேசக் கட்டுப்பாட்டினுள் கொண்டுவரப்பட்டது. நான்கு ஆண்டுகளின் பின் அதே போக்கில் இலங்கையின் சட்டமும் எழுந்தது. இத்தனைக்கும், பிரித்தானிய இந்திய அரசு 1893 இல் நியமித்த கஞ்சா ஆணைக்குழு, மிதமான பயன்பாட்டினால் பெருந்தீங்கு விளைவதில்லை என்று கண்டு, முழுத் தடையை ஏற்காது, உரிமமும் வரியும் கொண்ட கட்டுப்பாட்டையே விதந்துரைத்திருந்தது. ஆராய்ந்தவர் சொன்னது ஒன்று. ஆண்டவர் செய்தது வேறொன்று.

சுதந்திர இலங்கை இத் தவற்றைப் பாதி வழி திருத்தியது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், ஆயுர்வேதம் என்னும் சொல்லினுள் சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றையும் அடக்கிற்று. பதிவு பெற்ற வைத்தியர் மருந்து செய்தற்பொருட்டு அபினையும் கஞ்சாவையும் பெறுதற்கு வழியும் வகுக்கப்பட்டது. எனவே, கஞ்சா மருந்தாகுமா என்ற வினா இலங்கைச் சட்டத்தைப் பொறுத்தவரை அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே தீர்ந்துவிட்டது. அம்மருந்து எங்கிருந்து வருதல் வேண்டும், எவ்வளவு இருத்தல் வேண்டும், யாருடைய கையில் இருத்தல் வேண்டும் என்பனவே எஞ்சி நிற்கும் வினாக்கள். இவற்றுக்கு அரசு அளித்துள்ள விடை நகைப்புக்கும் வேதனைக்கும் ஒருங்கே உரியது.

வைத்தியருக்கு வழங்கப்படும் கஞ்சா, கைதானவரிடமிருந்து பறிமுதலானது. நீதிமன்றக் காவலில் வழக்கு முடியும்வரை கிடந்த பின்னரே அது ஆயுர்வேதத் திணைக்களத்தின் வழியாக மருந்து செய்வோரை அடைகிறது. அவ்வாறு வந்து சேரும்போது அது நான்கு அல்லது ஐந்து ஆண்டு பழையதாகி வீரியம் இழந்துவிடுகிறது என்பதை 2017 இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்னவே ஒப்புக்கொண்டார். மூலிகையைப் பறிக்கும் பருவமும், உலர்த்தும் நிழலும், சேமிக்கும் கலமும் கூறும் வைத்திய மரபு, சாக்கிற் கட்டி முத்திரையிட்டு ஆண்டுக்கணக்கில் மூலையிற் கிடந்த சரக்கை வாங்கி மருந்து செய்யுமாறு பணிக்கப்படுகிறது. கஞ்சாவின் வீரியத்துக்குரிய வேதிப்பொருள் ஒளியாலும் காற்றாலும் சிதைந்து கன்னாபினோல் என்னும் வலுக்குறைந்த பொருளாக மாறும் என்பது இரசாயனம் அறிந்தோர் நன்கறிந்த செய்தி. பூஞ்சணம் பிடித்ததா, எந்த மண்ணில் விளைந்தது, எந்தக் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது என்று சொல்வாரும் இலர்.

இன்னொரு முரண்பாடும் இதில் உண்டு. வடபகுதிக் கரைகளில் கடற்படையினரும் பொலிஸாரும் கைப்பற்றும் சரக்கு ‘கேரளக் கஞ்சா’ என்றே பத்திரிகைகளில் பெயர் பெற்றுள்ளது. பாக்கு நீரிணையை இரவிற் கடந்து வரும் படகு பிடிபட்டால்தான் கைப்பற்றப்பட்ட சரக்கு உண்டு. சரக்கு உண்டாயின்தான் வைத்தியரின் உரலுக்கு மூலிகை உண்டு. நாட்டின் மருந்து வழங்கலைக் கடத்தற்காரனின் தவறுதலோடு பிணைத்து வைத்துவிட்டு, அதனைக் கட்டுப்பாடு என்று பெயரிட்டு அழைக்கிறது அரசு.

சட்டத்துக்கு அளக்கத் தெரியாது என்று எவரும் கூறுதல் இயலாது. 1984 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஹெரோயினுக்கு 2 கிராம், கொக்கெயினுக்கு 2 கிராம், மோபினுக்கு 3 கிராம், அபினுக்கு 500 கிராம் என எல்லை வகுத்து, அவ்வெல்லையைத் தொட்டவனுக்கு மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை என விதித்தது. ஒரு மனிதனின் உயிரை எடுப்பதற்கு இரண்டு கிராம் என்று நுணுக்கமாக நிறுக்கத் தெரிந்த தராசு, ஒரு நோயாளியின் வேதனையைத் தணிப்பதற்கு எத்தனை கிராம் என்று கேட்டால் முள் அசையாது நின்றுவிடுகிறது. தண்டிக்கும் அளவு மட்டும் எழுதி, குணப்படுத்தும் அளவை எழுதாது விட்ட சட்டம் பாதிச் சட்டமே.

இந்நிலையில் அரசின் பார்வை வேறு திசையிற் சென்றது. 2017 இல் இங்கிரியவில் 100 ஏக்கரில் மருத்துவக் கஞ்சா பயிரிடப்படும் என அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதை ஆராய நிபுணர் குழு அமைக்கப்படும் எனக் கூறப்பட்டது. 2025 இல் மீரிகமவிலுள்ள முதலீட்டுச் சபை வலயத்தில் 64 ஏக்கரில், ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு, ஏற்றுமதிக்கு மட்டுமெனப் பயிரிட அனுமதி வழங்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. இச் செய்திகளை வரிசைப்படுத்தி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். இச்செடியை இலங்கை மண்ணில் நடலாம், வேலியிட்டுக் காக்கலாம், எண்ணிக் கணக்கு வைக்கலாம், பிறநாட்டு நோயாளிக்கு அனுப்பலாம். உள்நாட்டு வைத்தியர் தம் வளவில் ஒரு செடியை நட்டால் மட்டும் அவர் குற்றவாளி. டொலர் கொண்டு வருபவனுக்கு ஏக்கர்க் கணக்கில் திறக்கும் வாயில், மருந்துப் பெட்டியோடு நிற்பவருக்கு ஒரு சாண் அகலங்கூடத் திறக்கவில்லை.

இம்மருந்து யாருக்கு வேண்டும் என்று கேட்போருக்கு யாழ்ப்பாணம் தகுந்த விடை தரும். தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவில் சிகிச்சை பெறுவோர் உளர். 2009 இல் முடிந்த போரில் காலிழந்தோரும், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோரும், குண்டுச் சிதறல்களை உடலிற் சுமந்தபடி வாழ்வோரும் உளர். இல்லாத காலில் எழும் நோவு, உள்ள காலில் எழும் நோவினும் கொடியது என்பதை அவர்களைக் கவனிக்கும் குடும்பங்கள் அறியும். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2017 இல் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்தோரின் நாட்பட்ட வலி, புற்றுநோய் மருந்துகளால் உண்டாகும் வாந்தி, நரம்புநோயொன்றில் எழும் தசையிறுக்கம் ஆகியவற்றில் கஞ்சா சார்ந்த மருந்துகள் பயன்தருவதற்குத் தக்க சான்று உண்டு எனக் கண்டது. குழந்தைகளுக்கு வரும் கொடிய வலிப்பு நோய்கள் இரண்டுக்குக் கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த மருந்தொன்றை 2018 இல் அந்நாடு அங்கீகரித்தது. புற்றுநோயையே இது மாற்றும் என்பார் கூற்று சான்றற்றது. அதனைப் பரப்புவோர் நோயாளிக்குத் துரோகம் செய்வோர். நோவைத் தணிப்பது என்ற அளவில் மட்டும் இம்மூலிகையின் உரிமைக்கோரல் நியாயமானது. அந்த அளவே போதுமானது.

இதற்கு எதிராக எழும் வாதங்களுள் வலியது ஒன்றுண்டு. குடாநாட்டு இளைஞர் போதைப்பொருளுக்கு இரையாகும் காலமிது. பாடசாலை வாசல்வரை அது வந்துவிட்டது. இவ்வேளையிற் கதவைத் திறத்தல் தகுமா என்பர் பெற்றோரும் ஆசிரியரும். இக்கவலை உண்மையானது. இளவயதினர் கஞ்சாவைப் புகைத்தல் அவர்தம் மனநலனுக்குக் கேடு விளைப்பது என்பதும், சிலரிடத்து உளப்பிறழ்வைத் தூண்டவல்லது என்பதும் மறுத்தற்கரியன. ஆயினும், தெருமுனையில் விற்கப்படும் பொதிக்கும் வைத்தியரின் வளவில் நின்ற செடிக்கும் என்ன தொடர்பு? இளைஞரைக் கெடுத்த சரக்கு, எல்லாம் தடைசெய்யப்பட்டிருக்கும் இன்றைய நிலையிலேயே வந்தது. அளவே பூச்சியமாயின், நோயாளியும் வியாபாரியும் ஒரே கூண்டில் நிறுத்தப்படுவர். ஐந்து செடி வளர்த்தவனும் ஐம்பது பொதி கடத்தியவனும் ஒரே பெயரால் அழைக்கப்படுவர். பிரித்தறியும் கோடு ஒன்று வரையப்படும்போதுதான் கோட்டைக் கடந்தவன் யார் என்பது தெரியவரும். அளவு வகுத்தல் தளர்த்துதல் ஆகாது. அதுவே கண்காணிப்பின் முதற்படி.

அன்றியும், தீங்கு தரும் செடிகள் யாவற்றையும் வளவுகளிலிருந்து களைந்துவிட்ட நாடு போன்று இலங்கை பேசுதல் பொருந்தாது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் புகையிலை தலைமுறை தலைமுறையாக விளைந்து வருகிறது. அதனால் மாண்டோரை எண்ணி அதற்கு எவரும் செடிக் கணக்கு வகுத்திலர். மஞ்சள் அலரியின் நஞ்சு யாழ்ப்பாணத்து வைத்தியர்கள் 1980களிலேயே ஆராய்ந்து எழுதுமளவுக்குக் கொடியது. அலரியோ இன்றும் வேலியோரங்களில் பூத்து நிற்கிறது. ஊமத்தை தெருவோரத்திற் காய்க்கிறது. இவற்றைத் தடைசெய்க என்பது ஈண்டு வாதமன்று. நஞ்சென்பதற்காகவே ஒரு செடி தடைசெய்யப்படுகிறது என்ற கூற்று உண்மையன்று என்பதே வாதம்.

பிற நாடுகள் இவ்வினாவை எவ்வாறு கையாண்டன என்பதும் நோக்கற்பாலது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுள் உறவினர் கனடாவிலோ ஜேர்மனியிலோ இல்லாத குடும்பம் அரிது. அந்நாடுகளின் அநுபவம் அயலார் கதையன்று. வலிப்பு நோயாளியொருவர் வளர்த்த செடிகள் பற்றிய பாக்கர் வழக்கில், 2000 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், மருந்தாகப் பயன்படுத்துவோரையும் தண்டிக்கும் தடை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தது. பின்னர் அரசு வீட்டுப் பயிரை நீக்கி, நோயாளர் யாவரும் உரிமம் பெற்ற வணிக நிறுவனங்களிடமே வாங்கவேண்டும் என விதித்தபோது, 2016 இல் அலாட் வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்விதியையும் செல்லாதெனக் கண்டது. அதன்பின் அங்கு வகுக்கப்பட்ட விதி எளிது: வைத்தியர் குறிக்கும் நாளளவைக் கொண்டே செடிகளின் தொகை கணிக்கப்படும், நோயாளி வெளியிற் கொண்டுசெல்லக்கூடியது 30 நாளுக்குரிய அளவு அல்லது 150 கிராம், இவற்றுட் குறைந்தது எதுவோ அது. ஜேர்மனி 2024 ஏப்ரல் முதல் வளர்ந்தோர் ஒருவருக்கு மூன்று செடியும், வீட்டில் 50 கிராமும், வெளியில் 25 கிராமும் என வகுத்தது.

இவ்விரு நாடுகளின் குறைகளும் பாடமாகத் தக்கன. கனடாவில் சில வைத்தியர் மிகப்பெரிய நாளளவுகளைக் குறித்துக் கொடுத்தமையால், நோயின் பெயரால் வளர்ந்த செடிகள் கள்ளச் சந்தையை அடைந்தன. அளவை நிர்ணயிப்போருக்கே மேல்வரம்பு இன்றேல் அளவு பயனற்றது என்பது அதனாற் பெறப்படும். ஜேர்மனியின் விதியிலோ வேறொரு சிக்கல். நன்கு விளைந்த ஒரே செடி 50 கிராமுக்கு மேல் உலர்ந்த பூத் தரவல்லது. மூன்று செடி வளர்த்தல் சட்டபூர்வம்; அறுவடை நாளிலோ அவ்வளர்ப்போன் குற்றவாளியாகக்கூடும். செடி ஆண்டின் பெரும்பகுதி ஒன்றும் தராது நின்று, ஒரு வாரத்தில் அனைத்தையும் தரும் இயல்பினது. கமஞ்செய்வோனுக்குத் தெரிந்த இவ்வுண்மை சட்டம் எழுதுவோனுக்குத் தெரியாது போயிற்று. ஈரத்தோடும் வேரோடும் தண்டோடும் நிறுத்தால் ஒரு நிறை. உலர்த்திப் பூவை மட்டும் நிறுத்தால் வேறொரு நிறை. எதனை நிறுப்பது என்று கூறாத சட்டம், நிறுக்கும் உத்தியோகத்தரின் விருப்பத்துக்கு மனிதரை ஒப்படைத்துவிடுகிறது. இந்தியாவின் 1985 ஆம் ஆண்டுச் சட்டம் இதில் தெளிவுடையது. பூங்கதிரோடு சேராத இலையையும் விதையையும் கஞ்சா என்னும் வரைவிலக்கணத்தினின்று அது விலக்கியது.

அளவே வகுக்காது திறந்துவிட்டால் நேர்வதைத் தாய்லாந்து காட்டிற்று. 2022 ஜூனில் போதைப்பொருட் பட்டியலிலிருந்து செடி நீக்கப்பட்டது. முழுமையான சட்டம் தொடர்ந்து வரவில்லை. கடைகள் தெருவெங்கும் பெருகின. 2025 ஜூனில் வைத்தியர் சீட்டின்றிப் பூவை விற்கலாகாது என அரசு பின்வாங்கியது. பூச்சியமும் கேடு, எல்லையின்மையும் கேடு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி சட்டத்துக்கும் பொருந்தும்.

அளந்து வழங்கும் முறைக்கு முன்மாதிரி தேடிக் கடல் கடக்க வேண்டியதுமில்லை. குடியேற்ற ஆட்சிக் காலத்தில், 1910 அளவில், அபின் கடைகள் மூடப்பட்டபோது, பதிவு பெற்ற நுகர்வோருக்கும் நாட்டு வைத்தியருக்கும் அபினை அளந்து வழங்கும் முறை இலங்கையிற் கொண்டுவரப்பட்டது. யாழ்ப்பாணத்திலோ பனங்கள்ளுக்கு மரவரி முறை நிலவிய காலமொன்று இருந்தது. இன்ன மரம் என்று குறித்து வரி செலுத்தி அனுமதி பெற்றே அதனைச் சீவ முடிந்தது. வானளாவ நின்ற பனைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பதிவேட்டில் இட்ட நிருவாகத்துக்கு, வளவொன்றில் நிற்கும் நாலைந்து செடிகளை எண்ணுதல் இயலாத காரியமன்று. வருமானம் தேடிய அரசு மரத்தை எண்ணிற்று. நோய் தீர்க்க வேண்டிய அரசு செடியை எண்ண மறுப்பது ஏன்?

எனவே, பாராளுமன்றம் செய்யத்தக்கது இதுவாகும். ஆயுர்வேத மருத்துவ சபையிற் பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியர் தம் மூலிகைத் தோட்டத்தில் வளர்க்கத்தக்க செடிகளின் தொகை வர்த்தமானியிற் குறிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் இலக்கமிட்டு, பிரதேச செயலகத்திலும் மாகாண சுதேச மருத்துவத் திணைக்களத்திலும் பதிவு வைக்கப்பட வேண்டும். எல்லை செடியின் தொகையால் அமையவேண்டும். அறுவடை முன்னறிவித்தலோடு நிகழ்ந்து, உலர்ந்த நிறை பதியப்பட்டு, மிகுதி திணைக்களத்துக்கு ஒப்படைக்கப்பட வேண்டும். நாட்பட்ட நோவுடைய நோயாளிக்கு முப்பது நாளுக்கு மேற்படாத மருந்தை உடைமையில் வைத்திருக்கும் உரிமை, வைத்தியரின் சான்றிதழோடு வழங்கப்பட வேண்டும். வைத்தியரிடம் செல்ல இயலாது படுக்கையிற் கிடப்போர்க்குத் தம் வளவிலேயே ஓரிரு செடி வளர்க்கும் உரிமை, அதே பதிவுக்கும் சோதனைக்கும் உட்பட்டு, அமைய வேண்டும். சான்றிதழ் வழங்கும் வைத்தியருக்கும் மேல்வரம்பு இருத்தல் வேண்டும். அதனை மீறுவோர் பதிவை இழத்தல் வேண்டும். இளவயதினர்க்கு விசேட வைத்திய நிபுணரின் அனுமதியின்றி எதுவும் ஆகாது. விற்பனை இப்போதுபோற் குற்றமாகவே நீடிக்கலாம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வி நிலையம் கைதடியில் உள்ளது. ஏட்டிலுள்ள சுத்தி முறைகளையும், இன்றைய ஆய்வுகூடம் அளக்கும் வீரியத்தையும் ஒப்புநோக்கி, எவ்வளவு செடி எத்தனை நோயாளிக்குப் போதும் என்று கணிக்கத்தக்க இடம் அது. ஆயின், உயிருள்ள செடியைக் காணாது அதன் குணபாடத்தை மாணவர் கற்கவேண்டிய நிலையைச் சட்டம் ஆக்கி வைத்துள்ளது. கல்விக்கும் ஆய்வுக்குமுரிய தோட்டமொன்றுக்கு அங்கு முதல் உரிமம் வழங்கப்படுமாயின், சட்டம் வகுப்போர் ஊகத்தை விட்டுச் சான்றின்மேல் நிற்க முடியும்.

சர்வதேச உடன்படிக்கைகள் தடுக்கின்றன என்ற சாக்கும் நெடுநாள் நில்லாது. 1961 ஆம் ஆண்டு உடன்படிக்கை, மருத்துவத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உரிய பயன்பாட்டை விட்டுவைத்தே ஏனையவற்றைக் கட்டுப்படுத்திற்று. 2020 டிசெம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, கடுந்தடைக்குரிய நாலாம் அட்டவணையினின்று கஞ்சாவை நீக்கியது. அரசின் மேற்பார்வையோடு பயிரிடுக என்பதே உடன்படிக்கை வேண்டுவது. மீரிகமவுக்குத் தடையாகாத உடன்படிக்கை கைதடிக்கும் ஏழாலைக்கும் தடையாதல் எங்ஙனம்?

பரராசசேகரத்தைத் தேடித் தொகுத்து அச்சேற்றியவர் ஏழாலை ஐ. பொன்னையா. ஏட்டில் இருந்ததை நூலாக்கி அவர் தம் கடனை முடித்தார். நூலில் இருப்பதை நோயாளியிடம் சேர்க்கும் கடன் எஞ்சியுள்ளது. அதற்கு வேண்டுவது நூறு ஏக்கரன்று. அறுபத்து நான்கு ஏக்கருமன்று. எண்ணப்பட்ட சில செடிகளும், நிறுக்கப்பட்ட சில கிராமும், அவ்வெண்ணையும் நிறையையும் எழுதிவைக்கும் நேர்மையான ஒரு சட்டப்பிரிவுமே வேண்டும். நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து குன்றிமணியால் நிறுத்த பரியாரியார் அளவின்றி எதனையும் கொடுத்ததில்லை. அந்த ஒழுக்கத்தைச் சட்டமும் கற்றுக்கொள்ளும் நாள்வரை, இத் தீபகற்பத்தில் நோவோடு விழித்திருப்போரின் இரவுகள் நீண்டுகொண்டே இருக்கும்.